வாத்தியாருக்கு வாரம் நாலு கேன்

என் வீட்டுக்காரர் பேசாமல் இருந்தது இந்தப் பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் இரண்டே தடவை. ஒரு தடவை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வாய் நிறையப் பஞ்சோடு வந்தபோது. இன்னொரு தடவை போன மாதம், பேக்கரிக்காரரைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு. பல் பிடுங்கிய அன்றுகூடக் கையை ஆட்டி ஆட்டி, டாக்டர் எந்தப் பக்கமாக இழுத்தார் என்று எனக்கு விளக்கிக்கொண்டுதான் இருந்தார். அதைச் சேர்க்காவிட்டால் ஒரே தடவைதான்.

அவருக்குத் தொழில் தண்ணீர் போடுவது. இந்தத் தெருவில் குழாயில் வருவதைக் குடிக்க முடியாது. பாத்திரம் கழுவினாலே வெள்ளையாகப் படிந்துவிடும். கம்பெனியிலிருந்து இருபது லிட்டர் கேன்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வருவார். தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் கேனை வைத்து, லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் நாலு மாடி ஏறுவார். நிறைந்த கேனை வைத்துவிட்டுக் காலிக் கேனை எடுத்துக்கொண்டு இறங்குவார். வீட்டுக்கு ஓர் அட்டை உண்டு. ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு, வீட்டில் உள்ளவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். பதினோரு வருஷமாக இதே வேலை. வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது. டாக்டரிடம் காட்டுங்கள் என்றால், "அது கட்டி இல்ல, கேனுக்கு சீட்டு" என்பார்.

பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. ஒரு வீட்டின் காலிக் கேனைப் பார்த்தே அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக்கு விருந்தாளி என்று சொல்லிவிடுவார். மூன்றாம் கட்டடத்தில் கல்யாணமாகி வந்த பெண் உண்டாகியிருப்பது அவள் மாமியாருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். "ராத்திரியெல்லாம் தண்ணி குடிக்குது அந்தப் பொண்ணு, ஒரு கேன் கூடப் போகுது, நீயே யோசிச்சுக்க" என்றார். நான் யோசிக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்றேன். இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். காதில் ஏறினால்தானே?

ஆனால் படியில் மட்டும் மூச்சுவிட மாட்டார். அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் மூவருக்கும், அதாவது அவருக்கும் எனக்கும் பதினோராம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளுக்கும், இந்த நாட்டில் தங்குவதற்குப் பர்மிட் உண்டு. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். தெருவில் பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. இல்லாதவர்கள் ஒன்றும் சுவர் ஏறிக் குதித்து வந்தவர்கள் இல்லை. மூன்றாம் மாடிப் பேக்கரிக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பழைய முதலாளி கடையை விற்றுவிட்டுப் போனதில் பர்மிட் செத்துப்போனது. புதிதாக எழுதிப் போட்டுப் பதினாலு மாதம். பதில் கிடையாது. பதில் போடாத அதே குடியேற்ற அலுவலகம்தான், பர்மிட் எங்கே என்று கேட்டுச் சாம்பல் நிற வேனில் ஆள் அனுப்புகிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?

வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் அவர்களிடம் நீதிபதி கையெழுத்துப் போட்ட தாள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்களே கதவைத் திறந்து உள்ளே விட வேண்டும். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வக்கீலம்மா. சின்ன வயசு, எந்நேரமும் ஹெல்மெட்டைக் கைப்பையைப்போல முழங்கையில் மாட்டிக்கொண்டு திரிவாள். "தட்டினா திறக்காதீங்க, கூப்பிட்டா பேசாதீங்க. தாளைக் கதவுக்கு அடியில தள்ளச் சொல்லுங்க" என்று வீடு வீடாகச் சொன்னாள். அதிலிருந்து தெருவில் யாரும் காலிங்பெல்லுக்குக் கதவு திறப்பதில்லை.

தண்ணீர் மட்டும் வேண்டுமே! அதனால் என் வீட்டுக்காரர் ஒரு வழி வைத்தார். பெல் கிடையாது, குரல் கிடையாது. வாசலில் கேனைத் தரையில் வைப்பார். நிறைந்த கேனை வைத்தால் 'தொம்' என்று அடங்கிய சத்தம் வரும். காலிக் கேன் அப்படி வராது, தகரம்போல அலறும். 'தொம்' கேட்டால் தண்ணீர்க்காரர், கதவைத் திற. பச்சைக் குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும்.

முதலில் போனது பெயிண்டரின் தம்பி. ஒரு வியாழக்கிழமை காலை. அண்ணனுக்குப் பர்மிட் உண்டு, தம்பிக்கு இல்லை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் டீத்தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிக் கிடக்கிறது, தம்பியைக் காணோம். அவன் எதற்குக் கதவைத் திறந்தான் என்று சொல்ல ஆள் இல்லை. தடுப்புக்காவலிலிருந்து அண்ணனுக்கு ஒரே ஒரு போன், அரை நிமிஷம். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அன்றிலிருந்து தெருவைப் பிடித்தது சனி. யாரோ உள்ளே இருந்துகொண்டு சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் பட்டது. கேபிள் டிவிக்காரன் ஏன் அடிக்கடி மாடிக்குப் போகிறான்? மளிகைக்கடைக்காரர் மகனுக்குத் திடீரென்று புது போன் எப்படி வந்தது? வாட்ச்மேன் ஏன் அன்றைக்குப் பார்த்து லீவு போட்டார்? நான் ஒன்றும் ஒழுங்கு இல்லை. எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. கடையில் முட்டை வாங்கினாலும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவள். வாட்ச்மேன் மேல் எனக்கு முழுச் சந்தேகம். அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். பாவம், அந்த மனுஷன் அன்றைக்கு மூல நோய்க்கு ஊசி போடப் போயிருக்கிறார். சீட்டைக் காட்டினார்.

ஒன்பது நாள் கழித்துச் சனிக்கிழமை காலை பேக்கரிக்காரர் போனார். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு வந்து படுத்திருந்தவர். நாலு பேர் உள்ளே புகுந்து, பனியனோடு, செருப்புக்கூடப் போடவிடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். தாள் எங்கே என்று அவர் மனைவி கேட்டதற்கு, "அதிகமாப் பேசினா பிள்ளைங்களையும் சேர்த்து வண்டியில ஏத்துவோம்" என்றிருக்கிறான் ஒருவன். இரண்டு பெண் குழந்தைகள், ஆறு வயசும் மூன்று வயசும். ஒன்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அது அங்கிருந்து வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது.

கூட்டம் கூடிவிட்டது. பேக்கரிக்காரர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்.

"தண்ணி வந்துச்சுன்னு திறந்தேன். தண்ணி வந்துச்சுன்னுதான் திறந்தேன்."

"காலிக் கேனா இருக்கும்மா, நீ சரியாக் கேக்கல" என்றார் யாரோ.

"இல்ல. நெறஞ்ச கேன். எனக்குத் தெரியாதா?"

அவள் கையைக் காட்டிய இடத்தில், வாசலுக்குப் பக்கத்தில், நிறைந்த கேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. சீல்கூடப் பிரிக்கவில்லை. கழுத்தில் நீல டேப். மற்ற ஆட்களுடையதோடு கலந்துவிடாமல் இருக்க என் வீட்டுக்காரர் தன் கேன்களுக்கெல்லாம் சுற்றுகிற டேப் அது.

 திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டு வாசலில் கேன்கள் வர ஆரம்பித்தன.  வந்தார்கள், வைத்தார்கள், போனார்கள். நாற்பத்து மூன்று கேன். சிலதில் பாதித் தண்ணீர் இருந்தது. அதைக்கூடக் குடிக்க மனசில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கடைசியாகப் பெயிண்டர் வந்தார். எங்களை அண்ணா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர்.

"அண்ணா எங்கக்கா?" என்றார்.

"எதுக்கு?"

"என் தம்பி அன்னிக்கு டீ போட்டுட்டு இருந்தான்கா. தண்ணி சத்தம் கேட்டுத்தான் அவனும் திறந்திருப்பான்."

நான் விடுவேனா? இந்த மனுஷன் உங்கள் அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறவில்லையா, உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து போடவில்லையா, நாக்கில் நரம்பில்லாமல் பேசாதே என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன். பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். கத்தி முடித்துவிட்டு உள்ளே வந்தால், என் வீட்டுக்காரர் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வைத்தேன். தொடவில்லை.  

தெருவே சந்தேகப்பட்டபோது வராத சந்தேகம் அப்போதுதான் எனக்கு வந்தது. நியாயமாகப் பார்த்தால் இந்த மனுஷன் இப்போது வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டிருக்க வேண்டும். ஏன் பேசவில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது, அவர் பையிலிருந்த அட்டைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். நிறைந்த கேன் ஆகாயத்திலிருந்து விழாது. அவர்கள் கையில் அவருடைய நிறைந்த கேன் இருந்தது என்றால், அவரேதான் யாருக்கோ போட்டிருக்கிறார். எல்லாம் பழைய வீடுகள், எல்லாம் தெரிந்த கையெழுத்துகள். ஒன்று மட்டும் புதுசு. தெருமுனைக் கட்டடம், தரைத்தளம், இரண்டாம் எண். மூன்று வாரமாக, வாரத்துக்கு நாலு கேன்.

துண்டோடு வந்து நின்றவரிடம் அட்டையைக் காட்டினேன்.

"இது யாரு?"

"வாத்தியார்."

"என்ன வாத்தியார்?"

"ஸ்கூல் வாத்தியாராம். புதுசா குடி வந்திருக்கார்."

"வீட்டுல எத்தனை பேரு?"

"அவரு மட்டும்தான்."

"ஒத்தை ஆளுக்கு வாரம் நாலு கேனா? ஒட்டகம் வளர்க்கிறாரா வீட்டுக்குள்ள? நாம மூணு பேரு, ரெண்டு கேனுக்கு மேல தாண்டல. ஊருக்கெல்லாம் கேனைப் பாத்து ஜோசியம் சொல்ற மனுஷனுக்கு இது மட்டும் கண்ணுல படலையா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"பட்டுச்சு" என்றார். "நேத்து அந்தக் கேனைப் பாத்ததும்தான் பட்டுச்சு. நல்லாப் பேசுவார்மா. ஒவ்வொரு தடவையும் நாற்காலி போட்டு உக்காரச் சொல்லுவார். டீ குடுப்பார். யாரு எனக்கு நாற்காலி போட்டிருக்காங்க சொல்லு? 'இந்தத் தெருவுல யாரும் கதவே திறக்க மாட்டேங்கறாங்களே, நீங்க மட்டும் எப்படித் தண்ணி போடறீங்க'ன்னு கேட்டார். நான்... பெருமையா இருந்துச்சு. 'பெல் அடிச்சாத் திறக்க மாட்டாங்க சார், என் கேன் சத்தத்துக்குத்தான் திறப்பாங்க'ன்னு சொன்னேன். வெச்சுக் காட்டினேன். காலிக் கேன் எப்படிக் கேக்கும், நெறஞ்ச கேன் எப்படிக் கேக்கும்னு ரெண்டையும் வெச்சுக் காட்டினேன்."

 அடிக்கலாம்போல இருந்தது. ஒரு கப் டீக்கும் ஒரு நாற்காலிக்கும் வாயைத் திறந்து கொட்டியிருக்கிறார். அதே நேரம், பதினோரு வருஷமாக இந்த மனுஷனை யாரும் உட்காரச் சொன்னதில்லை என்பதும் உறைத்தது. நானேகூட வாசலில் நிற்கவைத்துத்தானே திட்டுகிறேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"வக்கீலம்மாகிட்ட. வேஷம் போட்டு ஏமாத்தித்தான் கதவைத் திறக்க வெச்சாங்கன்னு யாராவது சாட்சி சொன்னா கேஸே நிக்காதுன்னு அந்தம்மா நேத்துத் தெருவுல சொல்லிட்டு இருந்தாங்கள்ல. நான்தானே சாட்சி. அட்டையில அவன் கையெழுத்து இருக்கு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ரெண்டு மாசத்துல நம்ம பர்மிட் முடியுது. அதே ஆபீஸ்லதான் போய் நிக்கணும். அவங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லிட்டுப் போய் நின்னா புதுப்பிச்சுக் குடுப்பாங்களா? நம்ம பொண்ணு படிப்பு என்ன ஆகும்? நீங்கதான் சொன்னீங்கன்னு தெரிஞ்சா இந்தத் தெரு நம்மளை உயிரோட விடுமா? பிடிச்ச ரெண்டு பேரையும் வியாழக்கிழமை பிளேன் ஏத்தறதாத்தானே எழுதிக் குடுத்திருக்காங்க. நேரம் இருக்கு. யோசிக்கலாம்."

"யோசிக்க என்ன இருக்கு?"

"எனக்கு இருக்கு."

அவர் சட்டையைக் கழற்றவில்லை. சாயங்காலம் வரைக்கும் அந்தச் சட்டையோடு பூட்டிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சாவியைக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஊரே குடியேற்ற அலுவலகத்துக்கு முன்னால் திரண்டது. எங்கள் தெரு மட்டும் என்றால் நூறு பேர் இருப்போம். வந்தது ஆயிரக்கணக்கில். இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், காலேஜ் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்தார்கள். "தாளைக் காட்டு! முகத்தைக் காட்டு!" என்று கோஷம். பிள்ளைகள் கையில் தட்டுவதற்குக் கேன்கள் வைத்திருந்தார்கள். பார்த்தால் எல்லாம் நீல டேப் சுற்றியவை. எங்கள் வாசலிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். அலுவலகத்து மாடி ஜன்னல்களில் திரைச்சீலையை விலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முகங்கள் தெரிந்தன. கூட்டத்துக்குள்ளேயே சிலர் எங்கள் முகங்களைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யார் பத்திரிகைக்காரர், யார் அவர்கள் ஆள் என்று தெரியாமல் எல்லோரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே கோஷம் போட்டோம்.

எனக்குப் பக்கத்தில் பெயிண்டர் நின்றார். சனிக்கிழமை நான் கத்தியதற்கு அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

"கோவத்துல பேசிட்டேன்கா. அண்ணா அப்படிச் செய்ய மாட்டார்னு எனக்கே தெரியும்."

பிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்குக்கா, அதுக்குள்ள ஏதாவது நடக்கும்" என்றார். நடக்கும் என்றேன்.

நாங்கள் தெருவில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்த அதே நேரம், பின்வாசல் வழியாகப் பெயிண்டர் தம்பியை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வியாழக்கிழமை என்று எழுதிக் கொடுத்த தேதியைத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அண்ணனுக்கும் சொல்லவில்லை, வக்கீலுக்கும் சொல்லவில்லை. அவர்கள் இஷ்டம். கேட்க ஆள் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை தம்பியே வேறொரு நாட்டு எண்ணிலிருந்து போன் பண்ணி, "நான் இறங்கிட்டேண்ணா" என்று சொன்ன பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். நானும் கூடவே போனேன். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேக்கரிக்காரரைப் பிடித்ததாக அவர்கள் கொடுத்த அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே கையெழுத்து, கடைசி எழுத்தில் அதே வால். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இது ஞாயித்துக்கிழமை என் கையில இருந்திருந்தா ரெண்டு பேரையும் நிறுத்தியிருப்பேன்."

அவள் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. எங்களுக்கு எப்போது தெரியும் என்று அவள் கேட்கவும் இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

விசாரணை புதன்கிழமை காலை. சின்ன அறை, இருபது நாற்காலி. தெருவே வந்து சுவரோரம் நின்றது. பேக்கரிக்காரரைக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். தடுப்புக்காவலில் கொடுத்த சிவப்புச் செருப்பு, யாரோ கொடுத்த சட்டை. எதிர்ப்பக்கம் வாத்தியார். யூனிஃபார்மில் இருந்தார். என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் அவரைப் பார்த்து நின்றுவிட்டார். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரிகள் பெல் அடித்தார்கள், யார் என்று சொன்னார்கள், வீட்டில் இருந்தவர்களே உள்ளே விட்டார்கள் என்று அலுவலகத்தின் வக்கீல் அறிக்கையைப் படித்தார். விசாரணை நடத்தியவர் வயதான ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலே பார்த்து, "சாட்சி இருக்கா?" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி, டீ, பெருமை, வைத்துக் காட்டியது ஒன்றையும் விடவில்லை. அவர் பின்னால் தெரு மொத்தமும் கேட்டுக்கொண்டு நின்றது. ஒரு ஆள் காறித் துப்பும் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர் மனைவி கைக்குழந்தைபோலத் தன் பையை மார்போடு இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அலுவலகத்தின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க பர்மிட் எப்ப முடியுது?"

"இன்னும் ஏழு வாரத்துல."

"அது தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரிஞ்சுதான் சார் பேசறேன்."

விசாரணை அம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "இந்த மாதிரிக் கேள்வி இந்த அறையில இன்னொரு தடவை வரக்கூடாது" என்றார். பிறகு வாத்தியாரை எழுப்பி அட்டையைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். வாத்தியார் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். ஏமாற்றித் திறக்கவைத்த கதவு திறந்த கதவு ஆகாது, இந்தக் கைது செல்லாது, இன்றே விடுவிக்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார் அந்த அம்மா. பெண் குழந்தை இரண்டும் ஓடிப்போய் அப்பா காலைக் கட்டிக்கொண்டன. அவர் மனைவி எழுந்து நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரு அழுதது, சிரித்தது, கத்தியது. காவலர்கள் எல்லோரையும் வராந்தாவுக்குத் தள்ளினார்கள்.

வராந்தாவில் எங்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. நன்றி என்று யாரும் வரவில்லை, திட்டவும் யாரும் வரவில்லை. பெயிண்டர் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து எங்களுக்கு எதிரில் நின்றார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அந்த ஆள் யாருன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாம். நேற்றுத்தான் என்று ஒரு வார்த்தை போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லிவிடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஞாயித்துக்கிழமை" என்றார் என் வீட்டுக்காரர்.

"திங்கக்கிழமை சாயங்காலம்தாண்ணா அவனை ஏத்தினாங்க."

"தெரியும்பா."

"அப்ப ஏன் வரல?"

தெரு மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பியது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"பயந்துட்டேன்" என்றார். "பர்மிட் போயிடும்னு பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்லப்பா. என் தப்புதான்."

பெயிண்டர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவர் தடுக்கவில்லை, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். யாரும் விலக்கிவிட வரவில்லை.

"விடுப்பா அவரை" என்றேன். "அன்னிக்குக் காலையிலேயே வக்கீலம்மாகிட்டப் போறேன்னு சட்டை மாட்டிக்கிட்டு நின்னார். நான்தான் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வெச்சுக்கிட்டேன். திங்கக்கிழமை உனக்கு டீ ஊத்திக் குடுத்தப்ப எனக்குத் தெரியும்."

பெயிண்டர் கையை எடுத்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாக்கா?" என்றார்.